தமையனாருக்காக நான் கற்ற உதைபந்தாட்டம்

உதைபந்தாட்டத்தில் எனக்கு ஒருபோதும் நாட்டம் இருந்ததில்லை. இலண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் முப்பது ஆண்டுகள் வசித்தும், சனிக்கிழமைகளில் பேருந்தை நிறைத்துக்கொண்டு மைதானத்துக்குச் செல்லும் கூட்டத்தை ஓர் இடைஞ்சலாகவே கருதி வந்தேன். அத்தகைய நான் சுவிற்சர்லாந்தின் முதற்பிரிவு ஆட்டங்களை ஒரு பருவம் முழுவதும் கைத்தொலைபேசியில் பின்தொடர்ந்தேன். காரணம், அங்கே வாழ்ந்த என் தமையனார்.

யுத்தம் அவரை அங்கும் என்னை இலண்டனுக்கும் ஒதுக்கியது. உணவகமொன்றின் சமையற்கட்டில் உழைத்து ஓய்வுபெற்ற அவர், தாம் குடியேறிய ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தின் ஆட்டமெதனையும் தவறவிடாதவர். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அதைப் பற்றியே பேசுவார். எங்கள் குடும்பத்தில் தமையனிடம் தம்பி நலம் விசாரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. சுகமா என்று கேட்கலாம். ‘ஓம்’ என்ற விடைக்குப் பின் துருவுவது மரியாதையன்று.

ஆடி மாதத்தில், பருவம் தொடங்கிய வாரம், அண்ணியார் தனியே அழைத்தார்.

“தம்பி, அண்ணைக்கு ஈரலில வருத்தம். டொக்டர்மார் கைவிட்டிட்டினம். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நான் சொன்னதெண்டு தெரிஞ்சால் மனுசன் உடைஞ்சுபோவார்.”

வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்று வாக்களித்தேன்.

அவருடைய குரலை அடிக்கடி கேட்க வேண்டும்; அதற்கு ஒரு காரணமும் வேண்டும். ஆகவே பந்தைக் கற்றேன். பன்னிரண்டு கழகங்களின் பெயர்களையும், கடைசியில் நிற்பது கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் என்பதையும், அவருடைய கழகம் அந்த இடத்தை நோக்கியே சரிந்துகொண்டிருந்தது என்பதையும் அறிந்தேன். நோர்பரியில் நான் மரக்கறி வாங்கும் கடைக்காரர் ஒருநாள் என் கைத்தொலைபேசியை எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணை, லண்டனில இருந்துகொண்டு சுவிஸ் பந்தோ? வீட்டுக்குப் பக்கத்தில கலியாணச் சாப்பாடு நடக்குது, நீங்கள் பாணுக்கு லைனில நிக்கிறீங்கள்!”

நானும் சிரித்தேன். ஆர்ச்வே முருகன் கோயிலில் தமையனாரின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன். அதனையும் அவரிடம் கூற வழியில்லை.

மார்கழி நடுவில் அந்நாட்டில் ஆட்டங்களை நிறுத்திவிடுகிறார்கள். பனி விலகும் வரை பந்தில்லை. எங்களுக்கோ பேச்சில்லை.

“அங்கை ஸ்னோவோ அண்ணை?”

“ஓம். அங்கை மழையோ?”

“ஓம்.”

அதற்கு மேல் இருவருடைய மூச்சும்தான் கேட்கும். அவருடையது நாளுக்கு நாள் குறுகியது.

தை மாத இறுதியில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. திடீரென்று போய் நின்றால் அண்ணியார் சொன்னது வெளிப்பட்டுவிடும் என்பதால், எனக்குத் தோன்றிய ஒரே உபாயத்தைக் கைக்கொண்டேன்.

“அண்ணை, உங்கட கிளப்பின்ர மட்ச் ஒண்டை நேரில பாக்க ஆசையாக் கிடக்கு.”

அவர் மகிழ்ந்துபோனார். “அப்ப இப்ப வராதை. குளிரில விறைச்சுப்போவாய். சித்திரையில ஒரு பெரிய டீமோட விளையாட்டு இருக்கு, அதுக்கு வா.”

இப்போதே வருகிறேன் என்று வற்புறுத்த, பந்தை விரும்பும் ஒருவனுக்குக் காரணமில்லை. இரண்டு மாதங்களை அவ்வாறு இழந்தேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். திங்கள் காலை திரும்ப வேண்டும். கம்பளித் தொப்பியும் போர்வையுமாகச் சாய்நாற்காலியில் இருந்தவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ‘வயித்தில கொஞ்சம் பிரச்சினை’ என்றார். நான் தலையசைத்தேன். மறுநாள் மதிய உணவு முடிந்ததும் போர்வைக்குள்ளிருந்து ஒரு டிக்கட்டை எடுத்து நீட்டினார். ஒன்றே ஒன்று.

“எனக்கு அங்க இருக்க ஏலாது. நீ போயிட்டு வா.”

“நீங்கள் இல்லாமல் எனக்கென்னத்துக்கு அண்ணை? வீட்டிலேயே இருந்து பாப்பம்.”

“விசர்க் கதை கதைக்காதை. இதைப் பாக்கத்தானே லண்டனில இருந்து வந்தனி?”

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கதவருகே நின்ற அண்ணியார் என்னையே பார்த்தார்.

“ஓம் அண்ணை,” என்று சொல்லிச் சப்பாத்தை மாட்டினேன்.

அந்நியர் நடுவே, கொடிகளின் கீழே அமர்ந்திருந்தேன். எவர் எந்தப் பக்கம் உதைத்தார் என்று எனக்குத் தெரியாது. பலகையில் ஓடிய மணித்துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை வீட்டில் அவருடைய நாற்காலியருகே கழிந்திருக்க வேண்டியவை. இடைவேளையில் எழுந்தேன். பாதியில் திரும்பினால் அவருக்கு ஐயம் எழும் என்று மறுபடியும் அமர்ந்தேன். வீடு திரும்பியபோது மருந்தின் மயக்கத்தில் உறங்கிவிட்டார். விடியற்காலையில் நான் புறப்படும்போதுதான் கண்விழித்தார்.

“எப்பிடி மட்ச்?”

“நல்ல விளையாட்டு அண்ணை.”

பத்து நாட்களில் அவர் காலமானார். கழகத்துக்கு இன்னும் சில ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. அவற்றின் முடிவை நான் தேடிப் பார்க்கவில்லை.

செத்த வீட்டில் அண்ணியார் என் கையைப் பற்றிக்கொண்டார்.

“நீங்கள் மட்சுக்குப் போன அண்டைக்கு அவர் பகல் நித்திரை கொள்ளவேயில்லைத் தம்பி, மட்ச் முடியிற வரைக்கும் முழிச்சிருந்து ரீவியைப் பாத்தவர். சனத்துக்குள்ள உங்களைத் தேடினவர். ‘பாவம், அவனுக்கு இந்தப் பந்தில எவ்வளவு விருப்பம், நாள் முழுக்க என்னோட கிடந்து அலுக்காமல் போகட்டும்’ எண்டு சொன்னவர்.”

வந்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டும் என்று யாரோ அவரை அழைத்தார்கள். தேநீர்த் தட்டை நான் எடுத்துக்கொண்டேன்.