கண்ணை மூடு, எழுத்தைப் படி

மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை விற்கிற கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே போன் எடுப்பவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

புனேயில், வாகட் என்கிற பகுதியில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டிலிருந்தபடியே குண்டலினி யோகா கற்க விரும்புகிறவர்கள் எங்களிடம் சந்தா கட்டுவார்கள். அவர்களுடைய வயது, உடம்பு, பாஷை எல்லாம் விசாரித்து, "இந்த ஆசிரியர், இந்த வீடியோ உங்களுக்குச் சரிப்படும்" என்று பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. தமிழ் பேசுகிறவர் யார் கூப்பிட்டாலும் அது என் தலையில்தான் விழும். முதல் வகுப்பன்று நானும் வீடியோ காலில் கூடவே இருந்து, சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பேன். எனக்குச் சம்மணம் போட வராது. போட்டால் தூக்கி விட ஆள் வேண்டும். இது கம்பெனிக்குத் தெரியாது, நீங்களும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பாங்கிலோ கடையிலோ கால் சென்டரிலோ, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு "சொல்லுங்க சார்" என்று நாளை ஆரம்பிக்கிற கூட்டத்தில் நீங்களும் உண்டென்றால், நான் சொல்லப் போவதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

படுக்க வைக்க ஒரு வீடியோ

புனேயிலேயே போசரியில் ஒரு எஞ்சினியரிங் யூனிட்டில் லேத் மெஷின் ஓட்டுகிற தங்கராஜ் கூப்பிட்டார். யோகா அவருக்கு இல்லை, முதுகுவலிக்காரியான அவர் மனைவிக்கு. ஆனால் மனைவியைப் பாயில் உட்கார விடுவதற்கு முன்னால் அவருக்குச் சில சந்தேகங்கள் தீர வேண்டியிருந்தது. குண்டலினி என்றால் முதுகெலும்புக்கு அடியில் சுருண்டு படுத்திருக்கிற பாம்பாம், யோகா செய்தால் அது எழுந்துகொள்ளுமாம், யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சக்தியை அப்படிச் சொல்றாங்க சார். நம்ம வீடியோவுல முதுகை நிமித்தி உக்காருறதும் மூச்சை நிதானமா விடுறதும்தான்" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. "எங்க ஒர்க்ஷாப்ல ஸ்டாப் பட்டன் எங்க இருக்குன்னு காட்டாம எவனையும் மெஷின்ல நிக்க விடமாட்டோம் மேடம். எழுப்புறதுக்கு இவ்வளவு வீடியோ வச்சிருக்கீங்களே, திரும்பப் படுக்க வைக்க ஒண்ணு இருக்கா?" என்றார். பின்னால் அவர் மனைவி, "ஏங்க, முதுகுவலி போகுமான்னு மட்டும் கேளுங்க" என்று கெஞ்சுவது கேட்டது.

யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் கேட்டது நியாயம்தான். பெண்டாட்டியைப் பற்றி அவ்வளவு பயம் இருக்கிறவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? கை கால் தளர்த்தி மல்லாந்து படுக்கிற சவாசன வீடியோவைத் தேடி எடுத்து அனுப்பிவைத்தேன். மறுநாளே கூப்பிட்டுவிட்டார். "மேடம், அவ இன்னும் ஆரம்பிக்கல. நான் மொதல்ல ஸ்டாப் பட்டனை டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். பிரமாதமா வேலை செய்யுது, ஷிப்டுக்கு லேட்டாயிருச்சு."

பால்கனி துடைத்த புடவை

தாபோடியிலிருந்து கூப்பிட்ட பெண்ணின் பெயர் ப்ரியா. அவள் தாத்தா காலத்திலேயே வேலை தேடி இங்கே வந்த குடும்பம். அப்பா ஃபாக்டரியில் இருந்தவர், சில மாதங்களுக்கு முன் திடீரென்று காலமாகிவிட்டார். வீட்டில் அவளும் அம்மா முத்துலட்சுமியும்தான். "அம்மா பேசறதே இல்ல ஆண்டி" என்றாள், பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக. "ஆமா, இல்லங்கறதுக்கு ஹாங், நஹி, அவ்ளோதான். எனக்குத் தமிழ் சரியா வராது, அதனால ஹிந்தியில பேசறேன். அதுக்கும் பதில் இல்ல. டாக்டர் பாத்துட்டு, உடம்புல ஒண்ணும் இல்ல, ஏதாவது மூச்சுப் பயிற்சி செய்யட்டும்னு சொன்னாரு. அம்மா பழையபடி பேசுவாங்களா ஆண்டி?" இந்த மாதிரிக் கேள்விக்கு, "ஒவ்வொருவர் அனுபவமும் வேறுபடும்" என்று சொல்லும்படி எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பாக்கலாம்மா" என்றேன். ஆண்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

எங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஆசிரியையாகப் பார்த்து, ரொம்பச் சாந்தமான குரல் உள்ளவரை, அனுப்பினேன். மறுநாள் ப்ரியா, "வீடியோ ஆரம்பிச்ச உடனே அம்மா டிவியை ஆஃப் பண்ணிட்டு உள்ள போயிட்டாங்க" என்றாள். ஏனென்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த வர்ஷா தாயிடம் காட்டினேன். தாய் என்றால் மராத்தியில் அக்கா. வீடியோக்களை அடுக்கிவைக்கும் பொறுப்பு அவருடையது. அவரும் கணவரை இழந்தவர்தான், நல்ல கத்திரிப்பூ நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு வருவார். திரையில் அந்த ஆசிரியை, குண்டலினி யோகாக்காரர்களின் வழக்கப்படி, வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை விரிப்பு என்று புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். வர்ஷா தாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மராத்தியில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன். "அவர் போனதும் எங்க சொந்தக்காரங்க எனக்கும் ஒரு வெள்ளைப் புடவை கொண்டாந்து கொடுத்தாங்க. நான் அதுலதான் பால்கனி துடைச்சேன்."

இரண்டு மடங்கு வேகம்

இதற்கிடையில் எங்கள் வாகடிலேயே ஒரு கார்த்திக். கோயம்புத்தூர்க்காரர், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. மனசு அமைதியாக வேண்டும், ஆசிரியர் நிதானமாகச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுத்தான் சேர்ந்தார். கொடுத்தேன். தலை சுற்றுகிறது, ஆளை மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். இவர் அவரைவிட மோசம், ரயிலுக்குப் போகிறவர் மாதிரி அவசரப்படுத்துகிறார் என்றார். அந்த ஆசிரியர் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் நமக்குத் தூக்கம் வந்துவிடுகிற அளவுக்கு நிதானஸ்தர். எனக்குக் குழப்பமாகிவிட்டது.

வேலைப் பளுவில் தள்ளிப் போட்டிருந்த முதல் வகுப்பு வீடியோ காலை உடனே வைத்துக்கொண்டேன். பார்த்தால், அந்த நிதானஸ்தர் எலிக்குரலில் கீச்சிட்டுக்கொண்டு கையை மேலும் கீழும் வீசுகிறார். எதிரே கார்த்திக் பாவம், வேர்த்து விறுவிறுத்து மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் பயிற்சி வீடியோக்களைச் சீக்கிரம் முடிப்பதற்காக இரட்டை வேகத்தில் ஓட்டிப் பழகியவர், யோகாவையும் அதே வேகத்தில் ஓட்டியிருக்கிறார்! சாதாரண வேகத்துக்கு மாற்றச் சொன்னதும் மனிதர் கண்ணை மூடி அப்படியே அடங்கிவிட்டார். அவர் மனைவி மெதுவாகக் கேமரா பக்கம் வந்து கிசுகிசுத்தார். "சோறு திங்கிறது, எங்கூடப் பேசறது எல்லாமே அந்த ஸ்பீடுதானுங்க மேடம். அதையும் கொஞ்சம் நார்மல்ல வச்சுக் குடுங்க."

இலைப் பச்சை

வீடியோ தேட எங்கள் கம்ப்யூட்டரில் பாஷை உண்டு, நேரம் உண்டு, வலி இருக்கிற இடம்கூட உண்டு. உடை நிறம் கிடையாது. வர்ஷா தாயும் நானும் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் வெள்ளை. கடைசியில் கம்பெனி ஆரம்பித்த புதிதில் எடுத்த பழைய வீடியோ ஒன்று அகப்பட்டது. ஆசிரியை இலைப் பச்சைக் குர்த்தாவில், நெற்றியில் பெரிய பொட்டோடு இருந்தார். பேசுவது இங்கிலீஷ்தான். ஆனாலும் அதற்குத் தமிழில் சப்டைட்டில் இருந்தது, எழுதியது சாட்சாத் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கை சும்மா இருக்குமா, தூய தமிழில் வெளுத்துக் கட்டியிருந்தேன்.

முதல் வகுப்பன்று டிவியில் அந்த வீடியோவை ஓட விட்டு, நான் வீடியோ காலில் பார்ப்பதற்காக ப்ரியா ஒரு எவர்சில்வர் டப்பாமீது போனைச் சாய்த்து வைத்தாள். முத்துலட்சுமி அம்மாளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மஞ்சள் நைட்டி, தோளில் துப்பட்டா, ஒரு சொல் இல்லாத முகம். பச்சைக் குர்த்தாவைப் பார்த்து எழுந்து போகவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் வரி, "கண்களை மூடிக்கொள்ளுங்கள்." மூடிக்கொண்டார். அவ்வளவுதான். ஆசிரியை கையை உயர்த்தினார், இறக்கினார், முதுகை வளைத்தார், நிமிர்த்தினார். கீழே என் தூய தமிழ் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிய மேனிக்கு, அடுத்து என்ன என்று தெரியாமல், சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். ப்ரியா என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், கேட்டாள். "ஆண்டி, இந்த சப்டைட்டில் எழுதினவங்க யோகா பண்ணினதே இல்லையா?"

நாசித்துவாரம்

வேறு வழி தெரியாமல், "நீ சத்தமாப் படிச்சுக் காட்டேன்" என்றேன். ப்ரியாவுக்கு முகம் விழுந்துவிட்டது. தமிழ் எழுத்து சின்ன வயசில் அம்மா சொல்லிக் கொடுத்தது, அப்புறம் தொட்டதில்லை என்றாள். இருந்தாலும் வீடியோவை வரிக்கு வரி நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "மூச்சை உள்ளே இழுங்கள்" வந்தது. அம்மா இழுத்தார். "அப்படியே நிறுத்துங்கள்" வந்தது. நிறுத்தினார். அடுத்த வரிதான் என் கைவரிசை. "நாசித்துவாரங்களின் வழியே மெல்ல வெளியேற்றுங்கள்." மூக்கு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? "நா... நாசி... நாசித்து..." என்று ப்ரியா அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். அம்மா கண்ணை மூடி, கன்னம் உப்பி, சொன்ன சொல் தவறாமல் மூச்சைப் பிடித்தபடி இருக்கிறார். முகம் சிவக்கிறது. "விடச் சொல்லும்மா, விடச் சொல்லு!" என்று நான் இங்கே கத்துகிறேன், அவள் படிக்க ஆரம்பித்ததும் மைக்கை அணைத்துவிட்டேன் என்பதை மறந்து.

படாரென்று அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். மூச்சும் பேச்சும் ஒன்றாகக் கொட்டியது. அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ப்ரியா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. அம்மா அவள் பின்னலைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். ஆபீசில் நான் மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை மாதத்தில் அம்மா முழுசாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று ப்ரியா பிறகு சொன்னாள். அவர் பேசியது இவ்வளவுதான். "அடியே, சீக்கிரம் படிடி! மூச்சை விடணும்ல!"

என் குரல்

கண்ணை மூடிச் செய்கிற வேலைக்கு எழுத்து உதவாது, குரல்தான் வேண்டும் என்று நான் நச்சரித்த நச்சரிப்பில், ஒருநாள் கம்பெனி சரியென்றது. அந்தப் பச்சைக் குர்த்தா வீடியோவுக்கு நானே தமிழில் பேசினேன். நாசித்துவாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மூக்கு என்றேன். இழுக்க வேண்டிய இடத்தில் குரல் இழுக்கும், விட வேண்டிய இடத்தில் விடும். என் குரலை நானே கேட்டு மயங்கியதை ஏன் மறைப்பது? தினமும் வேலைக்குப் போகும் முன் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிற ப்ரியாவுக்கு இனிமேல் அந்தக் கஷ்டம் இல்லை என்ற சந்தோஷத்தில், முதல் ஆளாகத் தாபோடிக்குத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் அவர்கள் கணக்கைப் பார்த்தால், என் குரலை ஒரே ஒரு தடவை ஓட்டியிருக்கிறார்கள். பழைய வீடியோதான் தினமும் ஓடுகிறது. கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கூப்பிட்டேன். போனை எடுத்தது முத்துலட்சுமி அம்மாள். குழாயில் தண்ணீர் வராதது, ப்ரியா டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனது, கொத்தமல்லி விற்கிற விலை என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். நான் "ம்" கொட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே பேச எனக்கு மனசு வரவில்லை. கடைசியில், "என் குரல்ல ஏதாவது குறையாம்மா? தயங்காமச் சொல்லுங்க" என்று கேட்டேன். சிரித்தார். "அய்யோ, குறை என்னம்மா, தேனாட்டம் இருக்கு. அவ இப்போ நல்லாவே படிக்கிறா. ஆனா அந்த மூக்கு வார்த்தை வந்தா மட்டும் இன்னும் வேணும்னே தடுமாறுறா, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நான் திட்டுவேன், அவ பதிலுக்குப் பேசுவா, அப்படியே பொழுது விடிஞ்சுரும். மூச்சுக்கு உங்க குரல் போதும்மா, பேச்சுக்கு அவதான் வேணும்."

பொருத்தமான ஆசிரியரைத் தேடிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஆசிரியர் பல சமயம் அவர்கள் வீட்டிலேயே, பக்கத்துப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கம்பெனியிடம் சொல்லாமல் மாதாமாதம் அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.