எழுதாமல் விட்ட இருபத்து நான்காவது விதி

போன வாரம் எங்கள் செஞ்சியில் ஒரு கல்லூரிக்காரர்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கு நம் பழக்கவழக்கங்களை எடுத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மாணவர்கள் பதினெட்டுப் பேர். எனக்குக் கொடுத்தது ஏழு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. பேசி முடித்ததும், மாணவர்களுக்கென்று அச்சடித்த ஒரு வழவழப்பான கையேட்டை என் கையிலும் திணித்தார்கள். முப்பத்தொரு எச்சரிக்கைகள். பதினான்காவது: ‘உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால் பணிவாக மறுத்துவிடவும்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாம் என்ன விஷமா வைக்கிறோம்? ஏற்பாடு செய்த இளைஞரிடம் கேட்டேன். “டென்ஷன் ஆவாதீங்க சார். கல்ச்சர் ஷாக் வராம இருக்கத்தான்” என்றார். வீட்டுக்குள் நுழையாமல் எந்தக் கல்ச்சரைப் பார்ப்பது என்று நான் கேட்பதற்குள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்.

கையேட்டில் மை வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கோபத்தில் கால்வாசி என் பக்கமே திரும்பியது. நானும் ஒரு காலத்தில் பட்டியல் போட்டவன்தான். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் வருஷம், கோட்டைக் குளங்களை ஆராய பின்லாந்திலிருந்து எலினா என்று ஒரு மாணவி வந்தாள். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கார்பன் தாள் வைத்து, விரலெல்லாம் நீலமாக, அவளுக்கு இருபத்து மூன்று விதிகள் எழுதிக் கொடுத்தேன். இடது கை, செருப்பு, பெரியவர்கள் எதிரே கால் நீட்டுவது எல்லாம் உண்டு. பதினோராவது: ‘சோறு கேட்டு வாங்கக் கூடாது. அவர்களாகப் பரிமாறும்வரை காத்திரு.’ அதோடு நின்றேனா? அவளைத் தங்கவைத்த பத்மாவதி அம்மாளிடமும் போய், “அவங்கள நோண்டி நோண்டி ஒண்ணும் கேக்காதீங்கம்மா, வெளிநாட்டுக்காரங்களுக்குப் புடிக்காது” என்று சொல்லிவைத்தேன். இரண்டு வாயையும் கட்டியாகிவிட்டது.

பத்மாவதி அம்மாள் வீடு சமணர் வீடு. பொழுது சாய்ந்தபின் அங்கே யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி என்பதால் எனக்கு எழுதத் தோன்றவில்லை.

குளம் அளக்கும் வேலை தொடங்கிய பத்தாம் நாள் காலை நான் போனபோது, எலினா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. தினமும் வெளிச்சம் இருக்கும்வரை செட்டிக்குளத்தில் வரைந்துவிட்டு இருட்டியதும் திரும்புவாளாம். வந்தால் அடுப்பு அணைந்து, அடுப்படி கழுவிவிட்டிருக்கும். ஒன்பது நாளும் ராத்திரி யாரும் சாப்பிடு என்று சொல்லவில்லை. ஏதோ தீட்டான காரியம் செய்துவிட்டோம், அதற்குத் தண்டனை என்று முடிவுகட்டிவிட்டாள். ஊருக்கே திரும்புவதாகச் சொன்னாள். திரும்பினால் படிப்பு அத்தோடு போகும் என்பது அவளுக்கும் தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக அடுப்படி வாசலில் போய் நின்றேன். “வந்த பொண்ண இப்படியாம்மா பட்டினி போடுவீங்க?”

பத்மாவதி அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னா வாத்தியாரே, யாரு யாரைப் பட்டினி போட்டது? ஒம்போது நாளா அஞ்சு மணிக்கே தட்டு எடுத்து வெச்சிட்டு வாசலையே பாத்துக்கினு குந்தினிருக்கேன். மகராசி பொழுது போயிதான் வருது. வந்தவங்கள வுட்டுட்டு நான் எப்படித் தின்றது? பொழுது போனப்புறம் யாரு சாப்புட முடியும்? நானுந்தான் ஒம்போது ராத்திரியா வெறும் வயிறு. எங்க வூட்டுச் சோறு ஆவலன்னா சொல்லச் சொல்லு.”

ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள் பதினெட்டு வேளை பட்டினி. விஷயத்தைத் தட்டுத் தடுமாறி இரண்டு மொழியிலும் சொன்னேன். பத்மாவதி அம்மாள் என்னைத்தான் முறைத்தார். “இத்தினி எழுதினியே, பொழுதோட வூட்டுக்கு வான்னு ஒரு வரி எழுத வரலயா உனக்கு?”

பிறகு எலினாவின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போய், மேற்கே ராஜகிரியைக் காட்டினார். “சூரியன் அந்த மலை மேல எறங்கறதுக்குள்ள இங்க வந்து குந்தணும். ஆமா சொல்லு.” நான் மொழிபெயர்த்தேன். எலினா கண்ணைத் துடைத்துக்கொண்டே, தன் ஊரில் கோடையில் ராத்திரி பதினொரு மணிக்கும் சூரியன் இருக்கும் என்றாள்.

பத்மாவதி அம்மாள் சற்று யோசித்தார். “அங்க நம்ம ஆளுங்க போனா நாலு வேள தின்னலாம்போல” என்றார். எலினா சிரித்தாள். பெட்டியை அவிழ்த்தாள். பதினோரு மாதம் இருந்து படிப்பை முடித்தாள்.

இப்போது எங்கள் ஊரில் எந்த வெளிநாட்டு மாணவரும் வீடுகளில் தங்குவதில்லை. காலையில் பஸ்ஸில் வந்து மலையேறுகிறார்கள். நாலு மணிக்கு மறுபடி பஸ் ஏறிப் புதுச்சேரி விடுதிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே வேளைக்குச் சாப்பாடு, நல்ல தண்ணீர், குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் ஒரு வேளை சாப்பிடாமல் போனால், அதற்காகத் தானும் பட்டினி கிடந்து, மறுநாள் காலையில் சண்டைக்கு வர இங்கே ஆளில்லை.