மார்கழியில் குடிபோன தேனீக்கள்

பக்கத்து வீட்டு குணா தைப்பூசத்துக்காகக் கட்டி வைத்திருந்த காவடியில், போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை, என் வீட்டுத் தேனீக்கள் போய் உட்கார்ந்துகொண்டன.

ஒன்றிரண்டு இல்லை. ஆயிரக்கணக்கில். காவடியின் வளைவிலிருந்து பலாப்பழம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் தாமானில், அத்தனை வீடுகள் இருந்தும், அப்படியொரு கூட்டத்தை எந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. தேனீக்களைச் சொல்லவில்லை... வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சொல்கிறேன்!

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ரிட்டையர் ஆன பிறகு நான் தேனீ வளர்க்கிறேன். ஒரே ஒரு பெட்டி. பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் மனைவி சாந்தி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சின்ன வீடு'. நான் அங்கேயே போய் நிற்கிறேனாம்.

பெட்டியைக் கொடுத்தது பந்திங் ரவி. செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிறைய பெட்டிகள் வைத்துத் தேன் விற்கிறான். எனக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவனுக்குத்தான் போன்.

மார்கழி பிறந்த கையோடு ஒருநாள் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஜனநெரிசல். அடையின் அடி ஓரத்தில் கடலைக்கொட்டை மாதிரி சில அறைகள் தொங்கின. ரவிக்கு போட்டோ அனுப்பினேன். அடுத்த நிமிஷம் அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, அது ராணி அறைலா! புது ராணி வளருது. இடம் பத்தலைன்னு பழைய ராணி பாதி ஜனத்தைக் கூட்டிக்கிட்டு கிளம்பப் போகுது. அதுக்கு முன்னாடி நீங்களே பிரிச்சு விட்டுடுங்க."

"எப்படிப் பிரிக்கறது?"

"ரொம்ப ஈஸி. பழைய ராணியை ரெண்டு மூணு அடையோட, கொஞ்சம் ஆளுங்களோட, புதுப் பெட்டிக்கு மாத்துங்க. சரி, நாம கிளம்பிட்டோம்னு அதுங்க நெனச்சுக்கும். அப்புறம் ஓடாது. ஆனா லேட் பண்ணாதீங்கண்ணே. அறைக்கு மூடி போட்டுச்சுன்னா முடிஞ்சுது!"

எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஓடிப்போகிறவர்களுக்கு நாமே முந்திக்கொண்டு தனிக்குடித்தனம் வைத்துக் கொடுப்பது. உற்சாகமாகப் புதுப் பெட்டி வாங்கி வந்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, வெயிலில் காய வைத்தேன்.

சாந்தி வந்து பார்த்தாள்.

"என்ன இது?"

விவரம் சொன்னேன்.

"மார்கழியில யாராவது புது வீடு போவாங்களா?"

"சாந்தி... இது தேனீ."

"தேனீயா இருந்தா? நம்ம வீட்டுலதானே இருக்கு?"

இந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் தயவுசெய்து எழுதிப் போடுங்கள். எனக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மார்கழி மாதத்தில் நான் ஒரு மேஜையைக்கூட இடம் மாற்றியது கிடையாது.

"தை பொறக்கட்டும். நானே பால் காய்ச்சறேன். இப்ப தொடாதீங்க," என்றாள்.

நானும் சும்மா இருக்காமல் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டேன். செலாயாங்கில் இருக்கும் மச்சான், 'ரிஸ்க் எடுக்காதீங்க மாமா' என்றார். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் சாந்தியின் அக்கா, 'குடும்பத்தைப் பிரிக்கிற வேலை, அதுவும் பீடை மாசத்துலயா?' என்று பதறினாள். எல்லாரும் ஒருமனதாகத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தேனீக்களிடம் காலண்டர் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்!

அப்புறம் என்ன... அந்தச் சனிக்கிழமை காலை 'ஹோ'வென்று ஓர் இரைச்சல். ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் வானம் கறுத்து, சுழன்று, வேலியைத் தாண்டி, குணா வீட்டு கார் போர்ச்சுக்குள் இறங்கிவிட்டது.

குணாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர். வாட்டசாட்டமான ஆள். போன வருஷம் அவர் மனைவி கமலாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுததை நான் பார்த்தேன். 'இவ பொழைச்சு வந்தா நானே என் கையால காவடி கட்டித் தூக்கறேன் முருகா' என்று அங்கேயே நேர்ந்துகொண்டார். கமலா நல்லபடியாக வீடு வந்துவிட்டாள். அதனால் அது சாதாரணக் காவடி இல்லை. ஒவ்வொரு மயிலிறகும் அவர் கையால் சொருகியது.

அதன் மேல்தான் இப்போது என் ஆட்கள்!

"அண்ணே!" என்று குணா தன் காருக்குப் பின்னால் இருந்து கத்தினார். அவ்வளவு பெரிய லோரியை ஓட்டுகிற மனுஷனுக்குத் தேனீ என்றால் குலை நடுக்கம். "எடுங்கண்ணே! ஆனா ஒண்ணுகூட சாகக் கூடாது! காவடி மேல ஒரு உயிர் போச்சுன்னா நான் அதைத் தூக்க மாட்டேன். என் வேண்டுதலே போச்சு!"

இதற்குள் விஷயம் தாமான் முழுக்கப் பரவிவிட்டது. முருகனே தேனீ ரூபத்தில் வந்திருக்கிறார் என்று ஓர் ஆன்டி கற்பூரத்தோடு வந்தார். தீயைக் காட்டினால் மயிலிறகு எரியும் என்று சொல்லி அவரைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒருவர் பேஸ்புக்கில் லைவ் போனார். எதிர்வீட்டு மிஸ்டர் லிம் பவ்யமாக வந்து, குணாவின் வீட்டு நம்பரையும் என் கார் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கத்தான், வேறு எதற்கு? தாமான் வாட்ஸ்அப் குரூப்பிலோ வேறு கட்சி. 'பிள்ளைங்க விளையாடற இடம், மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடுங்க' என்று ஒன்றன் கீழ் ஒன்றாக மெசேஜ். மத்தியானத்துக்குள் எடுக்காவிட்டால் கூப்பிட்டுவிடுவதாக முடிவும் ஆகிவிட்டது.

குணாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ரவிக்கு போன் போட்டேன். தப்பு என்னுடையதுதானே?

நல்லவேளை, ரவி வேனைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். காவடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இவ்வளவு கலாட்டா? அண்ணே, கிளம்பும்போது வயிறு முட்டத் தேன் குடிச்சுட்டுத்தான் கிளம்பும். இப்ப சாது. கீழ பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு, காவடியை மேல ஓங்கி ஒரு தட்டு தட்டினா மொத்தமா விழும். ராணி உள்ள விழுந்துட்டா மிச்சமெல்லாம் தானா போயிடும்."

கையை ஓங்கினான்.

"நில்லுங்க!" குணா. "நீங்க விரதமா?"

ரவி விழித்தான்.

"காலையில என்ன சாப்டீங்க?"

"ரொட்டி சானாய்..."

"எதோட?"

"...ஆட்டுக்கறி."

முடிந்தது. விரதம் இல்லாத கை காவடியைத் தொடக் கூடாது. குணா என் பக்கம் திரும்பினார். நான் அன்று காலை சாப்பிட்டது நாசி லெமாக், கோழி ரெண்டாங்கோடு. "கொஞ்சம்தான் சாப்பிட்டேன்," என்றேன். எடுபடவில்லை.

நிலவரத்தைப் பாருங்கள். தேனீயைத் தெரிந்தவன் விரதத்தில் இல்லை. விரதத்தில் இருக்கிறவன் காருக்குப் பின்னால் இருக்கிறான். சுற்றி நிற்கும் கூட்டத்தில் விரதக்காரர்கள் சிலர் இருந்தார்கள். ஆனால் காவடியை ஓங்கித் தட்ட வேண்டும் என்றதும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காவடியை யாராவது அடிப்பார்களா?

போதாக்குறைக்கு சாந்தி. ரவி கையிலிருந்த பெட்டியைச் சுட்டிக்காட்டினாள். நான் மஞ்சள் பெயின்ட் அடித்த அதே பெட்டி.

"அது புதுசு."

எனக்கு வந்ததே கோபம்! "இப்பவும் மார்கழியா? உன் மார்கழியாலதான் இவ்வளவும்!"

சாந்தி போனை எடுத்தாள். வாட்ஸ்அப்பைப் பார்த்தாள். குணாவைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் ஏதோ ஓடுவது தெரிந்தது. பிறகு, கோர்ட்டில் தீர்ப்பு சொல்கிற மாதிரி சொன்னாள்:

"குடி போறதுதான் கூடாது. வந்து தங்கிட்டுப் போலாம். இப்போதைக்கு ஹோம்ஸ்டேன்னு வச்சுக்கங்க. தை பொறந்ததும் முறையாப் பால் காய்ச்சிக்கலாம்."

கூட்டத்தில் நாலு தலைகள் ஆமோதித்து ஆடின. பெட்டி விவகாரம் தீர்ந்தது. தட்டுவது யார்?

அப்போதுதான் கமலா வாசலுக்கு வந்தாள். கையில் தட்டு, அதில் டீ கப்புகள். காலையிலிருந்து வந்தவர் போனவருக்கெல்லாம் அவள்தான் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன மனுஷி!

தட்டைக் கீழே வைத்தாள்.

"யாருக்காக எடுக்கற காவடி இது?" என்று கேட்டாள்.

எல்லாரும் குணாவைப் பார்த்தோம்.

"எனக்காகத்தானே? நானும்தானே விரதம் இருக்கேன்? ரவியண்ணே, எங்க தட்டணும்?"

"கமலா! வேணாம்! தையல்!" காருக்குப் பின்னாலிருந்து குரல்.

"தையல் பிரிச்சு ஒரு வருஷம் ஆகப் போகுது. சும்மா இருங்க!"

ரவி தொடாமல், விரலால் மட்டும் இடத்தைக் காட்டினான். பெட்டியைக் கீழே ஏந்திப் பிடித்தான். கமலா ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அப்புறம் விட்டாள் பாருங்கள் ஓர் அடி! டீ போட்ட அலுப்பெல்லாம் அந்த ஒரே அடியில் இறங்கியிருக்க வேண்டும்.

தொப்!

பலாப்பழம் அப்படியே பெட்டிக்குள். கொஞ்சம் பேர் மேலே கிளம்பிச் சுற்றினார்கள். ரவி பெட்டியை ஓரமாக வைத்து மூடியைக் கொஞ்சம் திறந்து விட்டான். பறந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையாக உள்ளே நுழைந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. யாரோ 'அரோகரா' என்றார்கள், தாமானே 'அரோகரா' என்றது. குணா காருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, காவடியைக் கும்பிடுவதா கமலாவைக் கும்பிடுவதா என்று தெரியாமல் நடுவில் நின்று கும்பிட்டார்.

அதோடு முடியவில்லை. பழைய பெட்டியில் இன்னும் சில ராணி அறைகள் மிச்சம் இருக்கின்றன, விட்டால் இன்னொரு கும்பல் கிளம்பும் என்றான் ரவி. அன்றைக்கே, அதே மார்கழியில், அதையும் இரண்டாகப் பிரித்தோம். சாந்தி தானே வந்து மூடியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் எதையும் பார்க்கலை," என்றாள். ஒரு பாதியை ரவி பந்திங்குக்கு எடுத்துப் போய்விட்டான். பக்கத்திலேயே வைத்தால் பழகின தேனீக்கள் பழைய வீட்டுக்கே திரும்பி வந்துவிடுமாம். கல்யாணம் ஆகியும் சாப்பாட்டுக்கு மட்டும் அம்மா வீட்டுக்கு வருகிற சில பையன்களை எனக்குத் தெரியும். அதனால் உடனே புரிந்தது.

தை முதல் நாள், நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் பெட்டிக்கு முன்னால் சாந்தி பால் காய்ச்சினாள். நன்றாகப் பொங்கியது. தேனீக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஒருத்தருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறோம். மச்சானைக் கேட்கிறோம், அக்காவைக் கேட்கிறோம், காலண்டரைக் கேட்கிறோம், வாட்ஸ்அப் குரூப்பையும் கேட்கிறோம். யாருக்காகச் செய்கிறோமோ, அந்த ஆளை மட்டும் கேட்பதே இல்லை. நான் பெட்டியைக் கேட்கவில்லை. இடம் இல்லை, இடம் இல்லை என்று அதுவும் எத்தனை நாளாகச் சொல்லியிருக்கும்!

தைப்பூசத்தன்று பத்துமலைக்கு நானும் போயிருந்தேன். குணா காவடி தூக்கினார். வளைவின் உள்பக்கம், அந்த அரை நாளில் தேனீக்கள் ஒட்டிவிட்டுப் போன வெள்ளை மெழுகு கொஞ்சம் இருந்தது. அதைச் சுரண்ட விடவில்லை அவர். அத்தனை படிகளும் ஏறி, நேர்த்திக்கடனை முடித்து, கண்ணெல்லாம் சிவக்க இறங்கி வந்தார். கமலா கீழே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"முருகன்கிட்ட என்ன கேட்டீங்க?"

"உனக்கு உடம்பு நல்லா இருக்கணும்னு." குரல் உடைந்தது. "வேற என்ன கேப்பேன்?"

கமலாவுக்கும் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன். அடுத்த தடவை எதையாவது நேர்ந்துக்கறதுக்கு முன்னாடி, எனக்கு என்ன வேணும்னு என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க."

குணா திரும்பி ஒருமுறை படிகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சரி. என்ன வேணும்?"

"வீட்டுக்குப் போனதும் ஒரு டீ போட்டுக் குடுங்க."

போட்டார். எனக்கும் ஒரு கப் கிடைத்தது. டீ ரொம்பச் சுமார்... கமலா இரண்டு கப் குடித்தாள்!