பிள்ளைக்காம்பரா வளைவு

தோட்டப் பள்ளி ஆசிரியரான நானும் சாரதியும் தோட்டத்துப் பழைய லொறியில் ஹட்டனுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பனிமூட்டத்தில், பட்டனை அழுத்தியும் ஹோர்ன் அடிக்கவில்லை. கம்பளித் தொப்பிக்காரரான சாரதி உடனே வண்டியை நிறுத்திவிட்டார்.

"ஹோர்ன் இல்லாம ஒரு வளைவும் திரும்ப மாட்டேங்க மாஸ்டர்."

இறங்கிப்போய் ஹோர்னில் ஒரு வயரை மாட்டி, மறுமுனையை வண்டியின் இரும்பில் தொட்டார். அலறியது.

"ஹோர்ன் நல்லாருக்கு. பட்டன்லதான் கோளாறு."

வயரை ஜன்னல் வழியே உள்ளே இழுத்துக்கொண்டார். வளைவுக்கு வளைவு அதைக் கதவில் தொட்டு அலறவிட்டார்.

கொழுந்தெடுக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஒரு வளைவில் இருந்தது. அங்கே மட்டும் வயரைத் தொடாமல் இறங்கி நடந்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஏண்ணே, ஹோர்னத்தான் சரிபண்ணிட்டீங்களே?"

"பிள்ளைங்க தூங்குற நேரமுங்க."

அறைந்து சாத்தினால்தான் பூட்டும் அந்தக் கதவை அறையாமல், வளைவு தாண்டும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.