மேலுக்குக் கொடுத்த மருந்து

சபையாரே, சாட்சி சொல்லச் சொல்லி ஆறு மாசமாகக் கூப்பிடுறீக. தொண்டை கட்டியிருக்குன்னு தப்பிச்சுக்கிட்டே வந்தேன். கட்டியிருந்தது தொண்டை இல்லை, வெட்கம்.

நயா பைசா வந்த புதுசு. சிவகாசியில் ஒரு டாக்டர் ஐயாவிடம் நான் கம்பவுண்டர். ஊரில் பாதிப் பேர் என்னையும் டாக்டர் என்பார்கள். நான் மறுத்ததே இல்லை.

தீபாவளி சீசன். திருத்தங்கலிலிருந்து பேச்சியம்மா வந்தாள். புருஷன் மாடசாமி தீப்பெட்டி ஆபீசில் போர்மேன். அவருக்குத் தோள்பட்டை வலி. டாக்டர் பூசுகிற தைலம் எழுதினார். அந்த பாட்டிலில் 'விஷம், குடிக்கக் கூடாது' என்று சிவப்பு லேபில் ஒட்ட வேண்டும். லேபில் தீர்ந்துபோயிருந்தது. அச்சாபீசில் பட்டாசு லேபில் அடித்து முடித்தால்தான் எங்களுக்கு. "மேலுக்கு, தாயி" என்று வாயாலேயே சொல்லி அனுப்பினேன்.

நான் சொன்னது, மேலே பூச. ஆனால் நம்ம பக்கம் மேல் என்றால் உடம்பு; காய்ச்சல் வந்தாலும் "மேலுக்கு முடியலை" என்றுதானே சொல்லுவோம்? மேலுக்கு முடியாதவருக்கு மேலுக்கு மருந்து. வேளைக்கு ரெண்டு கரண்டி வாயில் ஊற்றிவிட்டாள்.

மாடசாமி அண்ணாச்சி பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். பின்னாலேயே வக்கீல் நோட்டீசும் வந்தது. என் பேருக்கு இல்லை, டாக்டர் பேருக்கு. கம்பவுண்டர் தப்புக்கு டாக்டர்தான் பதில் சொல்லணுமாம்.

"லேபில் ஒட்டினியாலே?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒட்டினேன் ஐயா."

அந்த மனுஷர் நம்பிவிட்டார். "அப்ப பயமில்லை. கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொல்லிருவேன்." என் பொய்யைச் சுமந்துகொண்டு ஒரு நல்லவர் கூண்டேறப் போகிறார்.

முழங்காலில் நின்றேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, லேபிலை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்ட உதவி செய்யும்." அச்சாபீசில் கெஞ்சி ஒரு லேபில் வாங்கினேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் பசையை நக்கி நனைத்து, பசைப்பக்கம் வெளியே தெரிய உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, நலம் விசாரிக்கப் போனேன்.

பாட்டில் மாடக்குழியில் இருந்தது. பேச்சியம்மா காப்பி போட உள்ளே போனாள். ரெண்டு அடி நகர்ந்தேன்.

"கம்பவுண்டரே, நீங்க நல்லா ஜெபம் பண்ணுவீகளாமே. எனக்கு ஒண்ணு பண்ணுங்க" என்றார் கட்டிலில் கிடந்த அண்ணாச்சி.

மாட்டேன் என்றா சொல்ல முடியும்? பழக்கதோஷத்தில் நெற்றியைக் கையில் தாங்கிக் கண்ணை மூடினேன். குற்றமுள்ள நெஞ்சு; ஜெபம் நீண்டுவிட்டது. ஆமென் சொல்லிக் கண் திறந்தால், பேச்சியம்மா டம்ளரோடு நின்று என் நெற்றியை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.

"வி...ஷம். குடிக்கக் கூ...டாது."

அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, சிரிக்க வைக்காதலே, உள்ள எரியுது!"

நான் சிரிக்கவில்லை, அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே ஓடிப்போய் டாக்டர் காலிலும் விழுந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு திருத்தங்கல் வந்து மன்னிப்புக் கேட்டார். நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பேச்சியம்மா ஒரே நிபந்தனை போட்டாள்: "'மேலுக்கு'ங்கிற வார்த்தை இனி உங்க வாயில வரக் கூடாது."

வரவில்லை. பூசுகிற மருந்தென்றால் இன்றைக்கும் என் தோளில் தேய்த்துக் காட்டித்தான் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் எனக்குச் சொறி என்கிறார்கள். அதற்கும் ஸ்தோத்திரம். டாக்டர் கூண்டேறவில்லை, அண்ணாச்சி வேலைக்குப் போகிறார், நான் தூங்குகிறேன்.

உங்களிடமும் மறைத்து வைத்த தப்பு ஏதாவது இருந்தால் ஆண்டவரிடம் கொண்டுபோங்க. மறைக்க உதவி கேட்டாவது போங்க. கட்டாயம் வெளியே கொண்டுவந்து உங்களைக் காப்பாற்றுவார். அதற்கு நான் ஜவாப்தாரி.