பகல் ஒரு மணிக்குத் திறந்த கதவு

அத்தான் கஞ்சா வளர்த்தார் என்று எழுதும்போது இன்றைக்கும் என் கை ஒருமுறை நின்றுதான் போகிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரிடம் லைசென்ஸ் இருந்தது. டொக்டர் கையெழுத்து வைத்து, அரசாங்கம் தபாலில் அனுப்பிய தாள்.

என் அக்காவுக்கு, அத்தானின் மனிசிக்கு, நரம்பு வருத்தம். இரண்டு கால்களும் குறண்டி இழுக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். எத்தனையோ குளிசைகள் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் வருத்தம் கேட்டது இது ஒன்றுக்குத்தான். அத்தான் பூவைக் காயவைத்து நெய்யில் காய்ச்சிக் கொடுப்பார். சூடான பாலில் ஒரு கரண்டி. அரை மணி, முக்கால் மணி போனதும் அக்காவின் கால் பெருவிரல்கள் மெல்ல நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'கீரை' என்போம்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டின் பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் வைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. அத்தான் அதைத்தான் தோட்டமாக்கினார். சிகரெட்கூடத் தொடாத மனிசன். தாளில் எத்தனை செடி என்று இருந்ததோ அத்தனைதான் வைப்பார். ஒருமுறை ஒரு சாடியில் இரண்டு முளைத்துவிட்டன. கூடின ஒன்றைப் பிடுங்கும்போது, "மன்னிச்சுக்கொள், உனக்கு விசா இல்லை" என்று அதற்குச் சொன்னார்.

முதலில் ஒரு பெரிய சோடியம் விளக்குத்தான் போட்டிருந்தார். அது எரிந்தால் அறை பாண் சுடுகிற போறணை மாதிரிக் கொதிக்கும். எனக்கு நித்திரை போய்விட்டது. நான் பயந்த பிறவி. ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட, அங்கே நடந்துபோகிற ரோட்டுக்குப் பயந்துதான். நெருப்புப் பிடிக்குமோ என்று மணிக்கொரு தரம் இறங்கிப் போய் அந்த அறையின் சுவரைத் தடவிப் பார்ப்பேன்.

ஒரு நாள் வேலையால் வந்த அத்தானின் கையில் பெரிய பெட்டி ஒன்று. மின்சாதனங்கள் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்ன எல்.ஈ.டி. விளக்குகளை வாங்கி, இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையில் இருந்து தானே பலகையில் ஈயத்தால் பற்றவைத்தார். அந்த நாளில் அப்படி விளக்கில் செடி வளர்ப்பதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"ஏன் அத்தான் இவ்வளவு கரைச்சல்?" என்று கேட்டேன்.

"நீ தடவித் தடவிச் சுவரிலை பெயின்ற் போகுது பிள்ளை. இது சுடாது. வேணுமெண்டால் இதிலையே கன்னத்தை வைச்சுப் படு."

கொழுவி ஏற்றியபோது அறை முழுக்கக் கத்தரிப்பூ நிறம். செடிகள் கறுப்பாகத் தெரிந்தன. அத்தானின் பல்லும் ஊதா. அக்கா சக்கர நாற்காலியில் இருந்து படிக்கட்டால் எட்டிப் பார்த்து, "உங்கடை தோட்டம் கலியாண மண்டபம் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அங்கே இரவு பகலாகவும் பகல் இரவாகவும் இருந்தது. மாலை ஏழு மணிக்கு விளக்கு எரியும், காலை ஏழு மணிக்கு அணையும். அத்தான் வேலையால் வந்து சாப்பிட்டு எழும்பும் நேரம் செடிகளுக்கு விடியும். காலையில் அவர் வேலைக்குப் போகும்போது, "பிள்ளையள் படுத்திட்டினம், ஒருத்தரும் குழப்பக் கூடாது" என்பார். அவர் எதையும் பகிடியாகச் சொல்கிறவர். அதையும் நான் பகிடி என்றுதான் எடுத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மாதா கோயில் வாசலில் ஒரு அன்ரி, "கர்க்லாண்ட் பக்கம் ஒரு வீட்டைப் பொலிஸ் உடைச்சுக்கொண்டு போனதாம், உள்ளுக்கை முழுக்கக் கஞ்சாவாம்" என்றார். வழியெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவு. லைசென்ஸ் தாளை அத்தான் அந்த அறையின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தார். அது கழன்று விழுந்திருந்தால்? முடிகிற திகதி போய்விட்டிருந்தால்? அந்தத் தாளில் எனக்கு விளங்கியது அந்தத் திகதி மட்டும்தான். மிச்சம் இங்கிலீசும் பிரெஞ்சும்.

நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில், பாணைப் பையில் சுற்றுகிற விடியப்புற வேலை. பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். அக்கா நித்திரையாக இருப்பாள். கோட் கழற்றுவதற்கு முன்னமே கீழே இறங்கி, கொறிடோர் லைற்றைப் போட்டு, கதவைத் திறந்து, திகதியை வாசிப்பேன். இரண்டு தரம் வாசித்தால்தான் மனம் ஆறும். பிறகு பூட்டிவிட்டுப் போய்ச் சாப்பிடுவேன். என் சாவிக் கொத்தில் கிடந்த அந்த அறையின் இரண்டாவது திறப்பும், நெருப்புப் பிடித்தால் வேண்டும் என்று நானே அத்தானிடம் கேட்டு வாங்கியதுதான்.

செடிகள் பூக்கத் தொடங்கியிருந்தன. பழைய நெய்ப் போத்தலில் அடி தெரிந்தது. அது முடியுமுன் இந்தப் பூ வர வேண்டும். வராவிட்டால் அக்கா திரும்பவும் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியதுதான். ஒரு வெள்ளிக்கிழமை அத்தான் மேலே வந்து, கைகழுவாமலே கதிரையில் இருந்தார். பெண்பூக்களுக்கு நடுவில் மஞ்சளாக, நெல்லளவில், ஆண்பூ மாதிரி ஏதோ வருகிறதாம். அது வெடித்தால் எல்லாம் விதை கட்டிவிடுமாம். பிறகு மருந்துக்கு உதவாதாம்.

"இருட்டு நேரத்திலை எங்கையோ வெளிச்சம் போகுது. செடி பயந்திட்டுது," என்றார்.

செடி பயப்படும் என்பது எனக்குப் புதிது.

மறுநாள் சனிக்கிழமை. ஏழு மணிக்குக் கொஞ்சம் முந்தி, விளக்கு அணையுமுன் அத்தான் அறைக்குள்ளே போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். பேஸ்மென்ற் யன்னலுக்குப் போர்வை கட்டியாயிற்று, லைற் எல்லாம் நிற்பாட்டியாயிற்று. நான் வெளியே கதவடியில். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு அவர் சொல்கிற பக்கமெல்லாம் நான் ரோர்ச் அடிக்க வேண்டும். உள்ளே ஓட்டை இருந்தால் அவருக்குத் தெரியும்.

'டிக்' என்று விளக்கின் ரைமர் நின்றது. இரண்டு பக்கமும் கும்மிருட்டு.

"மேல் மூலை." அடித்தேன். "இல்லை. கீழ்க் கதவடி." அடித்தேன். "இல்லை. பூட்டு ஓட்டை." அதிலும் இல்லை. எத்தனை இடம் என்று நினைவில்லை. எல்லா இடத்தையும் அந்த மனிசன் எப்போதோ கறுப்பு ஒட்டு ரேப்பால் அடைத்திருந்தார்.

"ஒரு பொட்டு வெளிச்சமும் வரேல்லை. அப்ப என்ன கோதாரியடா இது?" தனக்குத்தானே கதைத்தார். அந்தக் குரலில் பகிடி இல்லை.

இருட்டில், மறைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆணின் குரல். இந்தப் பக்கம் நான். சின்ன வயதில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்ல முழங்காலில் நின்றது மாதிரியே இருந்தது.

"அத்தான்... கோவிக்காதேங்கோ. அது நான்தான்."

"என்ன நீ?"

"கதவைத் திறக்கிறனான்."

 பிறகு சுவாமியார் கேட்கிற அதே கேள்வி: "எத்தினை தரம்?"

"ஒவ்வொரு நாளும். ஒரு மணிக்கு. லைற்றும் போடுறனான்."

"ஏன் பிள்ளை?"

"திகதி பாக்க."

வாளி அசைந்த சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார். அடக்கி அடக்கி, மூக்கால் சிரித்தார். "நான் ஓட்டை தேடித் தேடி ரேப் ஒட்டுறன். ஓட்டை எண்டால் பாண் சுத்திப்போட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கை வந்து திரியுது!"

பிறகு சொன்னார்: "சரி, திறவாதை. நான் தட்டேக்கை திற. இருட்டோடை வெளியிலை வாறன்."

இதை அக்காவிடம் அவர் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். "எடியேய், என்ரை காலைப் பிடிச்சு இழுத்தது நீயோ?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை.

அடுத்த மூன்று கிழமையும், அக்காவின் புருவம் எடுக்கும் சாவணத்தோடு அத்தான் மாலையில் அந்த ஊதா வெளிச்சத்துக்குள் இறங்கினார். ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்து, நெல்லளவு மஞ்சளை வெடிக்குமுன் பிடுங்கி ஈரத்துணியில் போடுவார். பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்த கால்கள் அவை. ஒரு நாள்கூட என்னை முகம் சுளித்துப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்று ஈரத்துணியைப் பிடிப்பேன். சலித்துக்கொள்வாரோ என்று பார்த்துப் பார்த்து நின்றதில், பொறுமை என்றால் என்ன என்று என் கண்ணால் கண்டேன். பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தாலும் எனக்கு அது கிடைத்திராது.

நாலு போத்தல் வர வேண்டிய இடத்தில் இரண்டரை வந்தது. அக்கா போத்தல்களை மடியில் வைத்துப் பார்த்து, "கரண்டியைச் சின்னனாக்கினால் இதுவே காணும்" என்றாள். அன்று இரவுப் பாலுக்குப் பிறகு அவளுடைய பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாகத்தான். ஆனால் நிமிர்ந்தன.

தப்பிய மஞ்சளால் ஏழு விதை கட்டியிருந்தது. அத்தான் அவற்றை என் உள்ளங்கையில் கொட்டி, "இந்தா, உன்ரை பிள்ளையள். தாய் மாதிரிப் பயந்ததுகள்" என்றார். பிறகு ஒன்றும் விடாமல் எண்ணி வாங்கிக் குப்பையில் போட்டார். அதுகளுக்கும் விசா இல்லை.

மறுநாள் நான் வேலையால் வந்து கீழே இறங்கியபோது லைசென்ஸ் தாள் கதவின் வெளிப்பக்கம், கண்ணாடிச் சட்டம் போட்டு, என் கண் உயரத்துக்குத் தொங்கியது. முடிகிற திகதிக்குக் கீழே சிவப்பால் கோடு. உள்ளே புதுச் செடிகள் நித்திரை. நான் கோட் கழற்றாமலே நின்று இரண்டு தரம் வாசித்தேன்.