கொழுந்துச் சாக்கில் கிடந்த கல்

ஐம்பதுகளின் நடுவில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கச்சான் காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்த மாதம் அது. இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், வாடிய கொழுந்தை ரோலரில் அரைக்கப் போடுவது என் வேலை. ஒருநாள் ரோலர் கடகடவென்று கத்தி நின்றது. திறந்தால், உள்ளே எலுமிச்சங்காய் அளவில் ஒரு கல்! அடித்தட்டு பிளந்திருந்தது.

முந்தின வாரம்தான் ஓய்வு நேரம் கேட்டு, இஸ்டோரை நடத்தும் டீமேக்கரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தேன். போதாதா? "வேணும்னே போட்டுட்டான் தொரை" என்று அவர் சொல்ல, தோட்டத்தை நடத்தும் துரை என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் வேலையிலிருந்து நிறுத்தினார். மாதக் கடைசியில் பத்துச்சீட்டை, அதாவது பேர் வெட்டும் சீட்டை, கையில் கொடுத்து வெளியேற்றிவிடுவார்களாம். நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவையும், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையையும், காலி பண்ண வேண்டுமாம்.

நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. வேறு வேலை கேட்டு லுணுகலைப் பக்கம் தோட்டம் தோட்டமாக நடந்தேன். 'ரோலர் ஒடச்சவன்' என்ற பேர் எனக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போயிருந்தது. "ஒத்துக்கிட்டுக் கால்ல விழுந்துருங்களேன்" என்று மனைவியே அழுதாள். அட கடவுளே, இவளுமா என்று இருந்தது.

ஒரு காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் நேரம், எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராப் பெண் துரைக்கு முன்னால் வந்து நின்றாள். கொழுந்து எடுப்பவள்.

"காத்துக்குச் சாக்கு பறக்குதுன்னு உள்ளுக்கு நாலஞ்சு கல்லு வச்சேனுங்க. நிறுக்கப் போறப்ப ஒண்ண எடுக்க மறந்துட்டேன், அது கொழுந்தோட இஸ்டோருக்குப் போயிருச்சுங்க. அந்த அண்ணன் மேல தப்பில்லீங்க."

காற்றுக் காலத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் நிறுக்கும்போது சாக்கில் கல் இருந்தால் எடைத் திருட்டு என்பார்கள். அதனால்தான் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"அவன நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு" என்றார் துரை. அவ்வளவுதான். அவளுக்கு அன்று பாதிச் சம்பளம். கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்கோ சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளைப் பார்த்து, "பயமா இல்லையா தாயி?" என்று கேட்டேன்.

"பயந்துக்கிட்டுத்தாண்ணே இத்தன நாளு கெடந்தேன். நேத்து அண்ணி சட்டி பானையெல்லாம் மூட்ட கட்டுறதப் பாத்தேன். அப்புறம் சோறு எறங்கல."

டீமேக்கர் கடைசிவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அலுத்துப்போயிருந்தேன். ஆனால் இப்போதும் நாலு பேர் கூடி ஒருவனைக் கைகாட்டி 'இவன்தான்' என்றால், என்னால் தலையாட்ட முடிவதில்லை. உண்மை தெரிந்த யாரோ ஒருத்தி பயத்தில் சோறு இறங்காமல் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள் என்றே தோன்றுகிறது.